கழற்ற மறந்த சிவப்புப் பூட்டு

அம்மன் அடியார்களே, என் மனைவி வசந்தி கடந்த ஐப்பசியில் காலமானார். நோய் முற்றிய பிறகுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. திருகோணமலைத் துறைமுகத்தில், கப்பலிலிருந்து உரம் இறக்கும் ஒரு யார்டில் இயந்திரங்களைப் பரிசோதிப்பது என் தொழில். அதிர்வையும் சூட்டையும் அளந்து, எது பழுதாகப் போகிறது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். வீட்டில் நடந்தது எனக்குத் தெரியவில்லை.

எட்டாம் நாள் எட்டுச்செலவிலும் அழுகை வரவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியிலும் வரவில்லை. அவருடைய சேலைகளை மடித்து அலுமாரியில் அடுக்கினேன். வேலைக்குப் போனேன். சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று கூடத் தெரியாமல் சாப்பிட்டேன்.

ஒரு நாள் ஒரு மோட்டாரை அளக்காமலே, அளந்துவிட்டதாக நினைத்து அடுத்ததற்குப் போய்விட்டேன். பாதி வழியில் நினைவு வந்து திரும்பினேன். அன்றுதான் பயம் வந்தது. எங்கள் தொழிலில் ஒருவனின் மறதி இன்னொருவனின் கையைக் கொண்டுபோகும். உயிரையும் கொண்டுபோகும்.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் மதியப் பூசைக்கு அம்மன் கோயிலுக்குப் போனேன். தேவாரம் வாயில் வரவில்லை. எனக்கு ஆறுதல் தா என்று கேட்கவும் தோன்றவில்லை. ஒன்றை மட்டும் கேட்டேன்: “தாயே, என்னால் ஒருவருக்கும் தீங்கு வரக்கூடாது.”

மாசி மாதத்து வெள்ளி ஒன்று. உரம் கொண்டுபோகும் நீண்ட ரப்பர்ப் பட்டியை நிறுத்தி, அதன் பெயாரிங்கைப் பார்த்தேன். இயந்திரத்தில் கை வைக்குமுன் ஒவ்வொருவரும் மெயின் ஸ்விட்சில் தம் பெயர் எழுதிய சிவப்புப் பூட்டைப் போட வேண்டும். பூட்டுக் கிடக்கும்வரை மின்சாரம் போகாது. அதன் திறப்பு, அதாவது சாவி, பூட்டியவரிடமே இருக்கும். வேலை முடிந்தது. முடிந்தது என்று மேற்பார்வையாளருக்கு ஃபோனில் சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனேன். பூட்டைக் கழற்றவில்லை. இத்தனை வருடத்தில் அப்படி நடந்ததே இல்லை.

தீபாராதனை முடிந்து வெளியே வரும்போது மேற்பார்வையாளர் குணம் சேர் எனக்கு ஃபோன் எடுத்தார்.

“எங்க நிக்கிறீங்கள்? உங்கட பூட்டு ஸ்விட்சில கிடக்கு. ஸ்டார்ட் பண்ணப் போனால் ஏலாது. கப்பல்காரன் கத்துறான். வெட்டி எறியட்டோ?”

“வெட்டாதேங்கோ சேர். இப்ப வாறன்.”

“திறப்பைச் சாமிக்குக் கட்டிட்டு வராதேங்கோ!”

போய்ச் சேர்ந்ததும் அவர் ஸ்விட்சைக் காட்டினார். ஆனால் பூட்டைக் கழற்றுமுன் அதன் சொந்தக்காரன் இயந்திரத்தை முழுவதும் நடந்து பார்க்க வேண்டும் என்பது ஒழுங்கு. மனம் எதையும் நினைக்கவில்லை. கால் பழக்கத்தில் நடந்தது. அவர் பின்னால் நின்று முறுமுறுத்தார்.

பட்டியின் கடைசி முனையில் ஒரு ஹெல்மெட் கிடந்தது. அடியிலிருந்து சுரண்டும் சத்தம் கேட்டது.

“ஆர் உள்ளுக்க?”

“நான்தான் அண்ணை, நிஸாம். தேத்தண்ணி வந்திட்டுதோ?”

நிஸாம் எங்கள் துப்புரவுப் பகுதித் தம்பி. பட்டி நிற்கிறதுதானே என்று, ஸ்விட்ச் அறைப் பக்கமே போகாமல், தன் பூட்டையும் போடாமல், ஒட்டிய உரத்தைச் சுரண்டப் பட்டியின் அடியில் உருளைகளுக்கு இடையில் நுழைந்திருக்கிறான். என் பூட்டுக் கிடப்பதும் அவனுக்குத் தெரியாது. நான் அதைக் கழற்றிவிட்டுப் போயிருந்தால் சேர் அழுத்திய உடனே பட்டி ஓடியிருக்கும்.

முகமெல்லாம் வெள்ளைத் தூளோடு வெளியே வந்தான்.

“என்ன அண்ணை, பேயைக் கண்ட மாதிரி நிக்கிறீங்கள்?”

“கண்ணாடியில உன்னைப் பார். பேய்தான்,” என்றார் குணம் சேர். அதைச் சொல்லிவிட்டு அவர் நிலத்தில் குந்திவிட்டார். திறப்பை இறுக்கிப் பிடித்திருந்த என் உள்ளங்கை வலித்தது. ஐப்பசிக்குப் பிறகு என் உடம்பு எனக்குத் தெரிந்தது அப்போதுதான்.

தற்செயல் என்று சிலர் சொன்னார்கள். என் மறதியால் தீங்கு வரக்கூடாது என்றுதான் நான் கேட்டேன். அந்த மறதியையே எடுத்து அம்மன் ஒரு பிள்ளையைக் காத்தாள். நான் நம்புகிறேன்.

மரத்துப்போனது முழுவதும் விட்டுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது வேலை முடிந்ததும் நிஸாமிடம் வாய்விட்டுச் சொல்லிப் பூட்டைக் கழற்றுகிறேன். அவனும் தன் பூட்டைப் போடாமல் நுழைவதில்லை. அது நடந்த அடுத்த வெள்ளி சந்நிதியில் வசந்தியின் பெயரைச் சொல்லி மோட்ச தீபம் ஏற்றக் கொடுத்தேன். ஐயர் அந்தப் பெயரைச் சொன்னபோது அழுதேன்.

மனம் கல்லாகக் கிடக்கிறவர்கள் எங்களுக்குள் இருப்பீர்கள். கண்ணீர் வரட்டும், பிறகு போகலாம் என்று காத்திருக்காதீர்கள். அப்படியே அம்மன் முன் போய் நில்லுங்கள். வாயில் வருகிற ஒன்றைக் கேளுங்கள். அவள் கேட்கிறாள்.