மாமா சைக்கிளில் ஏறிய வியாழக்கிழமை

பள்ளிக்கூடத்தால் வந்து நீங்கள் சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே நான் விசாரணையைத் தொடங்கிவிடுகிறேன் என்று இரண்டு பேரும் அம்மாவிடம் முறைப்பாடு வைத்திருக்கிறீர்கள். "அப்பா பொலிஸ் மாதிரிக் கேக்கிறார் அம்மா. என்ன சாப்பிட்டனீ, எத்தினை மணிக்குச் சாப்பிட்டனீ, மிச்சம் வைச்சனீயோ எண்டு." உண்மைதான். முன்பு நான் அப்படிக் கேட்டதில்லை. கல்லூரியில் முதலாம் வருடம் படித்தபோது, உங்கள் மாமாவால் வந்த பழக்கம் அது. வாயால் சொல்லத் தொடங்கினால் நீங்கள் பாதியில் எழும்பிப் போய்விடுவீர்கள் என்பதால் எழுதி வைக்கிறேன். எழும்பிப் போகும் குணம் என்னிடமிருந்து வந்ததுதான். குறை சொல்லமாட்டேன்.

எனக்கு ஓரிடத்தில் இருக்க வராது. மெட்ரோவுக்குக் காத்திருக்கும்போது மேடையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நடப்பேன். கதிரையில் இருந்தால் முழங்கால் தன்பாட்டில் ஆடும். இங்கே கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஓர் ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருடம் நிலம் துடைத்தவனுக்கு இருந்து பழக்கமில்லை. அங்கே நான்காம் மாடியில் ஓர் அறை இருந்தது. நெஞ்சு வெட்டித் தைத்த நோயாளிகளை ஓடும் பட்டி இயந்திரத்தில் மெல்ல நடக்க வைப்பார்கள். ஒரு பெண் பக்கத்தில் நின்று, நாடியைப் பிடித்துக்கொண்டு, அவர்களோடு கதைத்துக்கொண்டே இருப்பாள். பயந்து பயந்து உள்ளே போன மனிதர் திரும்பும்போது கையை வீசிக்கொண்டு வருவார். நான் துடைப்பத்தைப் பிடித்தபடி கதவடியில் நின்று பார்ப்பேன். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைப்பேன்.

அந்த வேலைக்குப் போக என்ன படிக்கவேண்டும் என்று ஒருநாள் அவளிடமே கேட்டேன். அப்படித்தான் நாற்பத்துமூன்று வயதில், பல்கலைக்கழகத்துக்கு முந்திய கல்லூரியில், உடற்பயிற்சியும் விளையாட்டு அறிவியலும் படிக்கச் சேர்ந்தேன். எல்லாம் பிரெஞ்சில். தசைகளின் பெயர்களைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வகுப்பில் என்னோடு படித்தவர்களுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது. அவர்கள் கதிரையில் சரிந்து கிடப்பார்கள். நான் அரை மணித்தியாலத்துக்கு மேல் இருக்கமுடியாமல் கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நிற்பேன்.

ஆஸ்பத்திரி மேலாளர் ஒரு வருடத்துக்கு மட்டும் பாதிநேர வேலை தந்திருந்தார். முதலாம் வருடக் கடைசியில் செய்முறைப் பரீட்சை. அதில் தவறினால் அந்த வருடம் முழுவதும் திரும்பப் படிக்கவேண்டும். எனக்குத் திரும்பப் படிக்க வருடம் இல்லை. துடைப்பத்தோடு முழுநேரம் போகவேண்டியதுதான்.

பரீட்சைக்கு, நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவரைக் கூட்டி வரவேண்டும். அவரைச் சோதித்து, படிவம் நிரப்பி, நிற்கும் சைக்கிளில் ஏற்றி, இதயம் எப்படி வேலை செய்கிறதென்று பார்க்கவேண்டும். மற்றப் பிள்ளைகள் தங்கள் தாய் தகப்பனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நான் அம்மாவின் அண்ணனை, லவாலில் இருக்கும் உங்கள் மாமாவை, கூப்பிட்டேன்.

அந்த வியாழக்கிழமை காலை, கல்லூரி வாசலில் அரை மணி நேரமாக நடந்துகொண்டிருந்தேன். மாமா புதுச் சப்பாத்தோடு வந்தார்.

"என்ன மச்சான், கூண்டுப் புலி மாதிரி நடக்கிறீர்? பரீட்சை உமக்கோ எனக்கோ?"

"வாங்கோ மச்சான், நேரமாச்சு. சாப்பிட்டியளோ?"

"ஓம் ஓம், சாப்பிட்டாச்சு. நடவும்."

படிவம் என் கையில்தான் இருந்தது. மூன்றாவது கேள்வி, கடைசி மூன்று மணித்தியாலத்துக்குள் உணவு எடுத்தாரா என்பது. வெறும் வயிற்றோடு ஒருவரைச் சைக்கிளில் ஏற்றக்கூடாது. நடந்தபடியே அதில் சரி போட்டேன். ஒன்றைச் சொல்லவேண்டும். மாமா வாய் திறக்க முன்பே என் பேனை அந்தப் பெட்டிக்குள் இறங்கிவிட்டது.

பரீட்சை பார்த்த ஆசிரியை நரைத்த தலைமயிரைக் குட்டையாக வெட்டிய பெண். பயிற்சி அறையின் ஒரு மூலையில் கதிரை போட்டு எழுதிக்கொண்டிருந்தார். நான் மாமாவின் நெஞ்சில் நாடி அளக்கும் பட்டியைக் கட்டினேன், இரத்த அழுத்தம் பார்த்தேன், ஆசனத்தின் உயரத்தைச் சரிசெய்தேன். மாமா மிதிக்கத் தொடங்கினார்.

"மச்சான், பத்துக்குள்ள சொல்லுங்கோ. எவ்வளவு கஷ்டமாயிருக்கு?"

"ஒண்டு."

பாரத்தைக் கொஞ்சம் கூட்டினேன். "இப்ப?"

"ரெண்டு. உந்தச் சைக்கிளுக்குக் களைக்கிற ஆளோ நான்? யாழ்ப்பாணத்தில டபிள் ஏத்திக்கொண்டு மிதிச்சனான். ரீச்சரையும் பின்னால ஏறச் சொல்லும்."

திரும்பவும் கூட்டினேன். "இப்ப?"

"ரெண்டுதான்."

திரையில் நாடி ஏறிக்கொண்டே போனது. ஆனாலும் வரம்புக்குள்தான் இருந்தது. எண்களின்படி நான் நிறுத்தவேண்டியதில்லை. "இப்ப?" என்று இன்னொரு முறை கேட்டேன். மாமா இரண்டு விரலைக் காட்டினார். பகிடி ஒன்றும் விடவில்லை. உங்கள் மாமா வாயை மூடிக்கொண்டிருந்த நேரத்தை நான் பார்த்ததே இல்லை, பல்லுப் பிடுங்கியபோதுகூட. முகத்தைப் பார்த்தேன். உதடு சாம்பல் நிறம்.

சைக்கிளை நிறுத்தி, அவரைத் தாங்கிப் பிடித்து இறக்கி, பாயில் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தேன். ஆசிரியை ஓடிவந்து பார்த்தார். பிறகு பழச்சாறு கொண்டுவந்து தந்தார். கொஞ்ச நேரத்தில் மாமாவின் முகத்துக்கு நிறம் திரும்பியது.

"மச்சான், உண்மையைச் சொல்லுங்கோ. சாப்பிட்டனீங்களோ?"

"தங்கச்சி மத்தியானத்துக்கு நண்டுக்கறி வைக்கிறனெண்டு சொன்னவள். அதுக்கு வயித்தில இடம் வேணுமெண்டு காலமை வெறுந் தேத்தண்ணியோட வந்திட்டன்."

"பேந்து ஏன் ஓமெண்டனீங்கள்?"

"வாசல்ல வைச்சுக் கேட்டா வேற என்னத்தைச் சொல்லுறது? இல்லையெண்டா நீர் பரீட்சையை விட்டிட்டுப் பாண் வாங்க ஓடுவீர். உமக்கு ஏன் வீண் அலைச்சல்?" குரலைத் தாழ்த்தினார். "இஞ்ச பாரும். காலமை சாப்பிட்டது ஒத்துக்கொள்ளேல்லையெண்டு சொல்லும். நானும் ஓமெண்டுறன். ஆருக்குத் தெரியப்போகுது?"

ஒருவருக்கும் தெரியாது. படிவத்தில் சரி இருக்கிறது. மாமாவும் அதைத்தான் சொல்லப்போகிறார். நான் சுவரிலிருந்து சுவருக்கு இரண்டு தரம் நடந்தேன். நான்காம் மாடி அறைக்கு நடக்க வரும் ஒருவரிடம் இதே கேள்வியை இதே மாதிரி நான் கேட்டிருந்தால்? அவரும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்.

ஆசிரியை படிவத்தைக் காட்டிக் கேட்டார். "இதைக் கேட்டீர்களா?"

"கேட்டேன். ஆனால் வாசலில் கேட்டேன். எங்கள் ஆட்களில் யாரைக் கண்டாலும் அப்படித்தான் கேட்போம். சாப்பிடாதவரும் ஆம் என்றுதான் சொல்வார். இல்லை என்று சொன்னால், எனக்குச் சோறு போடு என்று கேட்பதுபோல ஆகிவிடும். எனக்கு அது தெரியும். அவர் சொல்லும் முன்பே சரி போட்டுவிட்டேன்."

என் பிரெஞ்சு உடைந்து உடைந்து வந்தது. அவர் முழுவதையும் கேட்டார். "அப்படியென்றால் நீங்கள் கேட்கவில்லை," என்றார். வெளியே காத்திருக்கச் சொன்னார்.

விறாந்தையில் மாமா காசு போடும் இயந்திரத்தில் எடுத்த பிஸ்கட்டைச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார். நான் நடந்தேன். "இரும் மச்சான், பாக்கத் தலை சுத்துது. இப்பதான் ஒருக்கா விழுந்தெழும்பினனான்," என்றார். இருந்தேன். எழும்பினேன். கடைசியில் கதவு திறந்தது. படிவம் பிழை, ஆனால் எண்ணைப் பார்க்காமல் ஆளைப் பார்த்து நிறுத்தியது சரி என்று ஆசிரியை சொன்னார். வரும் செவ்வாய்க்கிழமை ஒரேயொரு முறை திரும்பச் செய்யலாம்.

அன்றைக்கு நண்டுக்கறியில் எனக்கு ருசி தெரியவில்லை. மாமா மூன்று தரம் சோறு வாங்கினார்.

அந்த ஐந்து நாளும் நான் கண்டவர்களையெல்லாம் கேட்டேன். வில்லரேயில் எங்கள் தெருமுனை டெப்பனர் கடையில் நிற்கும் அண்ணையிடம், "சாப்பிட்டியளோ?" என்றேன். "ஓம்," என்றார். "என்ன சாப்பிட்டனீங்கள்?" என்றேன். கையில் பால் பெட்டியோடு யோசித்தார். "கோப்பி," என்று சொல்லிச் சிரித்தார். மாடிப்படி ஏறி வந்த பக்கத்து வீட்டு அக்காவும் அப்படித்தான். முதலில் ஓம். இரண்டாவது கேள்விக்கு, "அது... சமைச்சு வைச்சிட்டன் தம்பி, இனித்தான்." எத்தனை வருடமாக இந்த ஓம்களைக் கேட்டு, சந்தோசமாகத் தலையாட்டிவிட்டு நடந்துபோயிருக்கிறேன் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மாமாவை முதலில் கதிரையில் இருத்தினேன். நானும் எதிரே இருந்தேன். பேனையை மேசையில் வைத்தேன்.

"காலமை என்ன சாப்பிட்டனீங்கள், எத்தினை மணிக்கு?"

"ஏழரைக்கு. அஞ்சு இடியப்பம், சொதி. சாட்சிக்கு மனுசியை ஃபோனில எடுக்கட்டோ?"

"வேண்டாம். இப்ப பத்துக்குள்ள கேக்கேக்க வெக்கப்படாமல் சொல்லுங்கோ."

இந்த முறை இரண்டாவது பாரத்திலேயே, "ஆறு," என்றார். கொஞ்சம் மிதித்துவிட்டு, "ஏழு. தங்கச்சியிட்டச் சொல்லிப்போடாதையும்," என்றார். ஆசிரியை சிரித்ததைப் பார்த்தேன். மாமா தமிழில் சொன்னது அவருக்கு விளங்கியிருக்காது.

தேறிவிட்டேன். இரண்டாம் வருடம் இப்போது நடக்கிறது. மேலாளரிடம் இன்னொரு வருடம் பாதிநேரம் கேட்டு நடையாக நடந்தது வேறு கதை. முழங்கால் இன்னும் ஆடுகிறது.

நேற்றுப் பின்னேரம், சின்னவளே, உன்னிடம் கேட்டேன். "சாப்பிட்டன் அப்பா," என்று சொல்லிவிட்டு அறைக்குள் ஓடினாய். உன் பையைக் கொழுவியில் மாட்டுவதற்குத் தூக்கினேன். பாரமாக இருந்தது. சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. அறைக் கதவடிக்கு வந்து, நிலத்தில் அமர்ந்து, இன்னொரு முறை கேட்டேன். நீ கதவைத் திறந்து, "இல்லை," என்றாய்.