மலையிறங்கும் நாளில் சாப்பாடு இல்லை

என் மகள் கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர். ஸ்டம்புக்குப் பின்னால் குந்தி எழுந்து, குந்தி எழுந்து, ஆட்டம் முடியும்வரை பந்தைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டிய வேலை. கால் இரண்டிலும் தலையணை கட்டிய மாதிரி பேடு, கையில் பெரிய உறை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதெல்லாம் பாரம்தான். ஆனாலும் அவளுக்கு அந்த இடம்தான் வேண்டும். என்னைக் கேட்டால், பந்தே வராத ஒரு மூலையில் நின்றுவிட்டு அவள் பத்திரமாக வீடு திரும்பினால் போதும்.

"உங்களுக்குக் கவலப்பட ஒண்ணுமே கெடைக்கலீன்னா, ஏன் கெடைக்கலீன்னு அதுக்கொரு கவலப்படுவீங்க" என்பாள் மனைவி. உண்மைதான். மிளகு பறிக்க ஏறினால் ஏணி வழுக்குமோ என்று இருக்கும், பஸ்ஸில் உட்கார்ந்தால் பிரேக் பிடிக்காதோ என்று இருக்கும். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்துச் சொல்ல ஆள் இல்லை. அதனால் எல்லாவற்றுக்கும் பயந்துவைத்தேன்.

அவளுக்குப் பயிற்சி கொடுப்பவர் பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார். கீழே வேறு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். மற்ற வாத்தியார்கள் வெள்ளிக்கிழமை மதியமே பஸ்ஸுக்குப் பறப்பார்கள். இவர் சனி ஞாயிறும் இங்கேயே தங்கி, மலைமேல் எங்கள் வளப்பூர் நாட்டுப் பெண் பிள்ளைகளை ஊர் ஊராகக் கூப்பிட்டு வந்து ஓர் அணி சேர்த்தார். ஒரு பிள்ளை மேலும் கை வைத்ததில்லை. ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆட்டமெல்லாம் கீழே நாமக்கல் பக்கம்தான். முதல் தடவை போனபோது மலை ரோட்டில் பாதி வளைவு இறங்குவதற்குள் பிள்ளைகள் வரிசையாக வாந்தி எடுத்துவிட்டார்கள். வேன் ஓட்டும் அடிவாரத்து பாய் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "சார், அடுத்த தடவ ஒரு தண்ணி லாரி பாத்துக்குங்க. ஏத்திக்கிட்டும் போகும், கழுவியும் உடும்" என்றாராம். அன்றைக்கு சார் ஒரு சட்டம் போட்டார். ஆட்டத்துக்குப் போகும் நாளில் காலையில் யாரும் எதுவும் சாப்பிடக் கூடாது. ஆட்டம் முடிந்ததும் வயிறு நிறைய வாங்கிக் கொடுப்பார்.

அடுத்த ஆட்டத்தில் யாரும் வாந்தி எடுக்கவில்லை. ஜெயித்தும் விட்டார்கள். வினையே அதுதான். அதற்குப் பிறகு சட்டத்துக்கு இன்னொரு காரணம் முளைத்தது. "வயிறு காலியா இருந்தா உடம்பு லேசா இருக்கும். லேசா இருந்தாத்தான் பந்துக்குப் பாய முடியும்" என்று சார் சொல்ல ஆரம்பித்தார்.

மகள் அதைப் பிடித்துக்கொண்டாள். முதலில் ஆட்ட நாளில் மட்டும் பட்டினி. பிறகு பயிற்சி இருக்கும் நாளெல்லாம் பட்டினி. தட்டை வைத்தால் தள்ளிவிடுவாள்.

"ஒரே ஒரு வாய் வாங்கிக்க சாமி."

"சார் சொல்லியிருக்காருப்பா. உங்களுக்குக் கிரிக்கெட் தெரியுமா?"

தெரியாது. விளையாட்டுக்கென்றே படித்து வந்தவர் சொல்கிறார். டிவியில் ஆடுகிறவர்களும் இப்படித்தான் பட்டினி கிடப்பார்களோ என்னவோ என்று நினைத்துக்கொள்வேன்.

மாவட்ட அணிக்கு ஆள் பார்க்க வருகிறார்கள் என்று சொன்ன ஆட்டத்துக்கு நானும் வேனில் ஏறிக்கொண்டேன். மலைக் குளிரில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கீழே இருக்கும் வெயில் அடுப்பு மாதிரி. மகள் குந்தும்போதெல்லாம் நானும் கோட்டுக்கு வெளியே குந்தினேன். கொஞ்ச நேரத்தில், எழுந்திருக்கும்போது அவள் கையைத் தரையில் ஊன்றுவதைப் பார்த்தேன். சாரிடம் போனேன்.

"ஏனுங்க சார், புள்ளைக்குக் கண்ணு சொருகுற மாதிரி இருக்குதுங்க. ஒரு வாழப்பழமாச்சும்…"

"அண்ணா, நீங்க உள்ள வந்தா நான் எப்படி டீம நடத்துறது? இன்னும் கொஞ்ச நேரந்தான். ஆளு பாத்துட்டு இருக்காங்க."

மகளும் அங்கிருந்தே உறை போட்ட கையை ஆட்டி என்னைப் போகச் சொன்னாள். போனேன். வேறு என்ன செய்ய?

அடுத்த ஓவரில் பந்து அவள் நெஞ்சில் பட்டது. வேகமான பந்துகூட இல்லை. கை தூக்க நேரம் இருந்தும் அவள் கை எழவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முதலில் ஓடிவந்தவர் எதிர் அணிக்குப் பயிற்சி கொடுக்கும் அம்மா. முகத்தில் தண்ணீர் தெளித்து, "காலைல என்ன பாப்பா சாப்பிட்டே?" என்று கேட்டார்.

"இட்லி, மிஸ்" என்றாள் என் மகள். கண் சிமிட்டாமல் சொன்னாள். சாரைக் காட்டிக்கொடுக்கக் கூடாதாம்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "சாப்பிட்டாளாங்க?"

"இல்லீங்க. யாருமே சாப்பிடலீங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டுவிட்டது. எல்லோர் முன்னாலும் அவர் சாரைத் திட்டவில்லை. ஓரமாகக் கூட்டிப் போய்த்தான் பேசினார். திரும்பி வந்த சார் முகம் வெளுத்திருந்தது. மகளை உட்காரவைத்துவிட்டு வேறு பெண்ணுக்குப் பேடு கட்டினார். ஊர் வந்து சேர்ந்ததும், வீட்டு வாசலில் மகள் கேட்டாள்.

"அந்த மிஸ்ஸுகிட்ட எதுக்குப்பா சொன்னீங்க? இனிமே எனக்குப் பதிலா நின்னவளத்தான் கீப்பிங் நிறுத்துவாரு."

அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சார் வீடு தேடி வந்தார். "தப்பு என்னோடதுதான் அண்ணா" என்றார். அடுத்த ஆட்டத்துக்கு ஒரு வழியும் யோசித்து வைத்திருந்தார். வளைவெல்லாம் முடிந்து அடிவாரத்துக் காரவள்ளியில் வேனை நிறுத்தி, டீக்கடையில் எல்லோருக்கும் இட்லி. அதற்குப் பிறகு நேர் ரோடுதானே, வாந்தி வராது. இவ்வளவு சுலபமா என்று எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அந்த ஆட்டத்துக்கும் நான் கூடப் போனேன். சொன்னபடியே நிறுத்தினார். பாய் இறங்கி, "இன்னிக்கு வண்டி கழுவுற எனக்கு லீவு, கடக்காரருக்குத்தான் வேல" என்றார். பிள்ளைகள் தட்டுகளில் பாய்ந்தார்கள். என் மகள் மட்டும் தன் தட்டைப் பக்கத்துப் பெண்ணிடம் தள்ளினாள்.

"சாப்பிடு கண்ணு" என்றார் சார்.

"பசிக்கலீங்க சார்."

"நான்தான் சொல்றேன்ல, சாப்பிடலாம்."

"நீங்கதானே சார் சொன்னீங்க, லேசா இருக்கணும்னு."

"அது… நான் தெரியாம சொன்னது கண்ணு."

அவள் தலையாட்டினாள். அவர் மனம் நோகக் கூடாதென்று ஒரு விள்ளல் எடுத்து வாயில் வைத்தாள். சட்னிகூடத் தொடவில்லை. மெல்லாமல் வைத்துக்கொண்டே எழுந்து, கை கழுவப் போகிறவள் மாதிரி வேனுக்குப் பின்னால் போனாள். துப்பும் சத்தம் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது. வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, வேனில் தன் இடத்தில் உட்கார்ந்து பேடை மடியில் வைத்துக்கொண்டாள்.

சார் கையில் டீ கிளாஸ் அப்படியே இருந்தது. "நீங்க ஒரு வார்த்த சொல்லிப் பாருங்களேன் அண்ணா" என்றார்.

"எம் பேச்சு அவளுக்கு ஏறாதுங்க சார். உங்க பேச்சுதான் ஏறும்."

அவர் வேன் பக்கம் பார்த்தார். நானும் பார்த்தேன். பாய் ஹார்ன் அடித்தார்.