டெஸ்டுக்குக் கொடுத்த தண்ணீர்

மனுஷன் வெளியே தள்ளுகிற எல்லாவற்றையும் டப்பாவில் வாங்கி, மூடியைத் திறந்து, மூஞ்சியைச் சுளிக்காமல் பார்ப்பதுதான் லேப் டெக்னீசியன் உத்தியோகம். கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையம் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல வருஷம் இதைத்தான் செய்தேன். சக டப்பா வாங்கிகளே, உங்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் தயவுசெய்து சாப்பாட்டை முடித்துக்கொண்டு வாருங்கள்.

ஒண்ணும் இல்லை

காய்ச்சல் எத்தனை பேர், வயிற்றுப்போக்கு எத்தனை பேர் என்று தினமும் சாயங்காலம் மாவட்ட ஆபீசுக்கு நாங்கள் தகவல் சொல்ல வேண்டும். ஒரே ஊரிலிருந்து நாலு பேர் ஒரே மாதிரி வந்து படுத்தால், நோய் பரவுவதற்குள் பிடித்துவிடலாம் அல்லவா, அதற்குத்தான். யாருக்கும் ஒன்றும் இல்லாத நாளிலும், 'ஒண்ணும் இல்லை' என்று சொல்லியே தீர வேண்டும். மறந்துவிட்டால் அங்கிருந்து போன் வரும்: ஏம்மா, ஒண்ணும் இல்லை என்று ஏன் சொல்லவில்லை?

ஒரு வாரமாக நான் வீட்டு வாசலில் நின்று போனில் "ஒண்ணும் இல்லை சார்" என்று கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்த என் மாமியாருக்குப் பொறுக்கவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்: "ஒண்ணும் இல்லேன்னு சொல்றதுக்கா தெனம் ரெண்டு பஸ்ஸு மாறிப் போய்க்கினு வர்ற? அத இங்கருந்தே சொல்லிடலாமே!"

ஸ்வீட் டப்பா

மாமியார் கண்ணு பட்டதோ என்னவோ, அடுத்த வாரமே மலைமேல் ஒரு ஊரிலிருந்து வாந்தியும் பேதியுமாகக் குழந்தைகள் வரிசையாக வந்து சேர்ந்தன. (ஊர் பேர் வேண்டாம், என்மேல் ஏற்கெனவே அவர்களுக்குக் கோபம்.) அதில் ஒன்று பூங்கொடி. அந்த ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிற சின்னத்தம்பியின் மகள், பால்வாடி போகிற வயசு. கண் குழிவிழுந்து, கையில் குளுக்கோஸ் ஊசியோடு கிடந்தாள். எந்தக் கிருமி என்று தெரிய வேண்டுமே, எல்லாக் குழந்தைகளுடைய மலமும் கொண்டுவரச் சொல்லி ஆளுக்கொரு டப்பா கொடுத்து அனுப்பினேன்.

ஒரு வீட்டில் நான் கொடுத்த டப்பாவில் மிளகாய்ப்பொடி போட்டு வைத்துவிட்டார்கள். அதனால் அந்தப் பிள்ளையினுடையது ஸ்வீட் கடை டப்பாவில், மஞ்சள் பையில், டவுன் பஸ்ஸில் இறங்கி வந்தது. கூட்டத்தில் நசுங்கிவிடக் கூடாதே என்று டிரைவர் தானே கைநீட்டி வாங்கி, முன்னால் சாமி படத்தடியில் பத்திரமாக வைத்துக்கொண்டாராம். இறங்கும்போது, "எங்களுக்கு ஒண்ணும் இல்லியா?" என்று உரிமையோடு கேட்டிருக்கிறார். விஷயம் தெரிந்ததும் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு என் ஜன்னலுக்கு வந்தார்: "நீங்களே சொல்லுங்க மேடம், இப்ப நான் பஸ்ஸ கழுவுறதா, சாமிய கழுவுறதா?"

கருக்காத பாட்டில்

டப்பாக்களைப் பெரிய லேபுக்கு அனுப்பினால் பதில் வர நாளாகும், அதற்குள் எல்லாருக்கும் தண்ணீர்மேல்தான் சந்தேகம். எங்களிடம் மருந்து போட்ட சின்ன பாட்டில் ஒன்று உண்டு. தண்ணீரை ஊற்றி மூடி வைத்தால், சாக்கடை கலந்திருந்தால் ஒன்றிரண்டு நாளில் கருத்துவிடும். முறைப்படி சுகாதார ஆய்வாளர் கோவிந்தன்தான் போய்த் தண்ணீர் பிடித்து வர வேண்டும். அவருக்கு மலை பஸ் என்றாலே தலை சுற்றும். "ஊர்க்காரங்களே கொண்டாந்துடுவாங்க மேடம்," என்றார். சின்னத்தம்பி கொண்டுவந்தார். பாட்டில் கருக்கவில்லை. இன்னொரு தரம் கொண்டுவரச் சொன்னேன். அதுவும் கண்ணாடி போல அப்படியே இருந்தது.

தண்ணீர் நல்லது என்றால் அப்புறம் சோறுதானே? பழி நேராகப் பால்வாடி சமையல் அம்மாவின் தலையில் விழுந்தது. வேலையை விட்டே நிறுத்தப் போகிறார்கள் என்று பேச்சு. அந்த அம்மா என் மேஜைமேல் முகத்தைக் கவிழ்த்து அழுதார். அதற்குள் இன்னும் இரண்டு பிள்ளைகள் வந்துவிட்டன. டாக்டரம்மா தங்கமானவர்தான், அன்றைக்கு அவருக்கும் பொறுமை போய்விட்டது: "உங்க பாட்டில் பொய் சொல்லுதா, இல்ல இந்தப் பிள்ளைங்க வயிறு பொய் சொல்லுதா?"

விருந்தாளி

ரோஷம் எனக்கு மூக்குமேல் வரும். மறுநாள் கோவிந்தனைப் பிடித்திழுத்துக்கொண்டு மலை ஏறினேன். வளைவுக்கு வளைவு மனுஷன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார், அது வேறு கதை. வெயிலில் நாக்கு வறண்டு சின்னத்தம்பி வீட்டு வாசலில் போய் நின்று, அவருடைய அக்காவிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். அந்த அம்மா உள்ளே பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டென்று ஓடிப்போய்ப் பெட்டிக்கடையிலிருந்து சீல் வைத்த தண்ணீர் பாட்டில் ஒன்றை வாங்கி வந்தார்.

"இது எதுக்குங்க, நீங்க குடிக்கிறதையே குடுங்க," என்றேன். அவர் பதறிப்போய்க் குடத்துக்கு முன்னால் நின்று மறைத்தார்: "அய்யோ, அது உங்களுக்கு ஒத்துக்காதுங்க! நாங்களே கண்ண மூடிக்கினுதான் குடிக்கிறோம்."

ஊர் மானம்

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் என் லேபுக்கு வந்தது எந்தத் தண்ணீர்? சின்னத்தம்பி காலால் தரையைக் கீறிக்கொண்டே உண்மையைச் சொன்னார். கீழே கச்சிராயபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, கேன் தண்ணீர்க் கடையில் வாங்கி ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறார். இரண்டு தரமும்!

"யோவ், உனக்கு அறிவிருக்கா? உன் மவதானய்யா அங்க படுத்துக் கெடக்கறா!" என்று வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஆபீசுக்குப் போற தண்ணியாச்சே மேடம், கலங்கலா குடுத்தா எங்க ஊரப் பத்தி இன்னா நெனப்பீங்க?"

சாட்சி

அக்கா மறைத்த குடத்திலிருந்தே பிடித்து வந்தேன். மறுநாள் காலையில் பாட்டில் தார் போலக் கருத்திருந்தது. சந்தோஷத்தில் கத்திவிட்டேன், பிள்ளைகள் குடித்த தண்ணீராயிற்றே என்று உடனே வெட்கமாகவும் போய்விட்டது. தோண்டிப் பார்த்தால் தொட்டிக்குக் கீழே குழாய் உடைந்து, சாக்கடையோடு உறவாடிக்கொண்டிருந்தது. குழாயை மாற்றினார்கள், பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். சமையல் அம்மா மறுபடி கரண்டி பிடித்தார். பூங்கொடி இட்லி கேட்டு அழுகிற அளவுக்குத் தேறி, அப்பா தோளில் உட்கார்ந்து வீட்டுக்குப் போனாள்.

கொஞ்ச நாள் கழித்து சின்னத்தம்பி மகளோடு மறுபடி தண்ணீர் கொண்டுவந்தார். அவரை உட்கார வைத்துவிட்டு, முதலில் தண்ணீர் பாட்டிலைக் கையில் தூக்கிப் பார்த்தேன். ஒரு தூசி இல்லை. "மறுபடியும் கேன் தண்ணியா?" என்று எகிறினேன். "சத்தியமா எங்க தண்ணிதான் மேடம்!" என்று தலையிலடித்துக்கொண்ட மனுஷன், வேறு வழியில்லாமல் மகளையே சாட்சிக்குக் கூப்பிட்டு, அந்தத் தண்ணீரிலேயே கொஞ்சம் குடிக்கக் கொடுத்தார். பூங்கொடி ஒரு மடக்குக் குடித்தாள், மூஞ்சியைச் சுளித்தாள், தீர்ப்புச் சொன்னாள்: "எங்க வூட்டுத் தண்ணிதான். பிளீச்சிங் நாத்தம் அடிக்குது."

அன்று சாயங்காலம் போனில் "ஒண்ணும் இல்லை சார்" என்றேன். அந்த ஒண்ணும் இல்லாததுக்குப் பட்ட பாடு எனக்கும், என் டப்பாக்களுக்கும், பஸ் டிரைவரின் சாமிக்கும்தான் தெரியும்.