ஆறாவது நடுக்கம்

அலுவலகத்தில் அவளுக்கு 'முப்பத்தேழு' என்று பெயர். "முப்பத்தேழு இன்னைக்கு லீவா?" என்று அவள் காதுபடவே கேட்பார்கள். அவளும் திரும்பிப் பார்த்து, "இருக்கேன், சொல்லுங்க" என்பாள். பட்டப்பெயருக்குக் கோபித்துக்கொள்வதற்கும் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டுமே.

வானிலை நிலையத்தின் ஆவண அறையில் எழுத்தர் வேலை. இருபத்தாறு வருடமாக அதே நாற்காலி, அதே ஜன்னல். கல்யாணம் ஆகி ஆறு வருடம் சேர்ந்து வாழ்ந்தார்கள். பிறகு கணவர் வேறு ஊரில் வேறு குடும்பம் என்று போய்விட்டார். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரு தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய எட்டு வயது மகள். அவ்வளவுதான்.

பழைய நிலநடுக்கப் பட்டியலைக் கணினியில் ஏற்றும் வேலை வந்தபோதுதான் ஆரம்பித்தது எல்லாம். அந்த ஊரில் சுவர் இடிகிற அளவுக்கு நிலம் ஆடியது மொத்தம் ஐந்து தடவை. அவற்றுக்கு நடுவே உள்ள வருடங்களை ஒரு மத்தியானம் சும்மா கழித்துப் பார்த்தாள். முப்பத்தாறு, முப்பத்தெட்டு, முப்பத்தேழு, முப்பத்தேழு. கையில் இருந்த தேநீர் ஆறிப் போனது தெரியவில்லை. கடைசி நடுக்கம் நடந்து அப்போது முப்பத்தைந்து வருடம் முடிந்திருந்தது.

அன்றிலிருந்து சனி, ஞாயிறு எல்லாம் பொது ஆவணக் காப்பகத்தில்தான். சந்திரன், மழையளவு, அணை நீர்மட்டம் என்று எதையெதையோ அந்த முப்பத்தேழோடு முடிச்சுப் போட்டுப் பார்த்தாள். அலுவலகத்தில் எதிர்ப்பட்டவரிடமெல்லாம் அதையே சொன்னாள். சமையலறைச் சுவர் முழுக்க ஒட்டிய தாள்கள். வீட்டுக்கு யாரும் வருவதில்லை. அதனால் 'இதெல்லாம் என்ன?' என்று கேட்கவும் ஆளில்லை.

தம்பி நான்காவது மாடியில் வீடு வாங்கியிருந்தான். ஒரு நாள் அங்கே சாப்பிட உட்கார்ந்தபோது அவளால் வாயை அடக்க முடியவில்லை.

"இந்த வீடு வேண்டாம்டா. இன்னும் ரெண்டே வருஷம். கட்டடம் தாங்காது."

"அக்கா, உன் கணக்கை நம்பி நான் குடும்பத்தோட நடுத்தெருவுல நிக்கணுமா?"

"கூரை தலைமேல விழுறதுக்கு நடுத்தெரு மேல்டா."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த குழந்தை சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து கூரையைப் பார்த்தது. நாலு நாள் கழித்துத் தம்பி போன் செய்தான். "பாப்பா தூங்க மாட்டேங்குறா. மின்விசிறி ஆடினாக்கூட அலறுறா. கொஞ்ச நாளைக்கு நீ வராதே அக்கா." கொஞ்ச நாள் என்பது பதினாலு மாதமாக நீண்டது. அவள் போன் செய்தால் தம்பி மனைவி எடுத்து, "அவர் குளிக்கிறாரு அண்ணி" என்பாள். எப்போது கூப்பிட்டாலும் அவன் குளித்துக்கொண்டேதான் இருந்தான்.

பல்கலைக்கழகத்தில் புவியியல் சொல்லிக்கொடுக்கும் பேராசிரியையிடம் தாள்களைக் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் பொறுமையாகப் படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "எழுதி வச்சது அஞ்சு. நடந்ததும் அஞ்சுதான்னு எப்படிச் சொல்றீங்க?"

அவளுக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. 'வேற எதுவும் நடக்கலைன்னு நிரூபிச்சுக் காட்டுறேன்' என்று மனதுக்குள் கறுவிக்கொண்டு பழைய சிறைச்சாலையின் தினக்குறிப்பேடுகளைக் கேட்டு வாங்கினாள். சிறைச் சுவரில் விரிசல் விட்டால் அன்றே எழுதித்தானே ஆகவேண்டும்? ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தார்கள். கைதி எண்ணிக்கை, கஞ்சியில் புழு, காவலருக்குக் காய்ச்சல். ஏழு மாதம் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ஒன்றும் இல்லை. ஒவ்வொரு ஏடு முடியும்போதும் அவளுக்கு உள்ளூர ஒரு வெற்றி.

பதினெட்டாவது ஏட்டில் அது இருந்தது. 'காலை எட்டு மணி. தரை இருமுறை பலமாக ஆடியது. வடக்கு மதில் பதினோரு அடி விழுந்தது. கைதிகள் யாரும் தப்ப முயலவில்லை. எல்லோரும் தரையில் உட்கார்ந்து ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தனர்.'

இரண்டாவது நடுக்கத்துக்குப் பிறகு பதினைந்தாவது வருடம். எந்தப் பட்டியலிலும் இல்லாதது. முப்பத்தேழை நடுவில் உடைத்துப் போட்டுவிட்டது.

ஏட்டை மூடிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். மூன்று நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அந்த ஏட்டைக் கேட்டு வாங்க ஊரில் இன்னொரு பைத்தியமா இருக்கிறது? நான்காம் நாள் காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது ஒன்று உறைத்தது. இத்தனை நாளாக அவள் அடுத்த நடுக்கத்தை எதிர்பார்த்துக் காத்திருந்திருக்கிறாள். அவள் சொன்னது சரி என்றாக வேண்டுமானால் தம்பி வீட்டுக் கூரை விழவேண்டும். அதற்குத்தான் சுவரில் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.  வாயைக் கொப்பளித்துவிட்டு, அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் காப்பகத்துக்குப் போனாள்.

அதே தேதியில் ரயில் நிலையப் பதிவேட்டிலும் 'கடிகாரம் நின்றது, கூரை ஓடுகள் சரிந்தன' என்று ஒரு வரி கிடைத்தது. இரண்டையும் பிரதி எடுத்துப் பேராசிரியையிடம் கொடுத்தாள்.

"இது யாருக்குமே தெரியாத நடுக்கம். பட்டியல்ல உங்க பேரோட சேர்க்கணும்" என்று பேராசிரியை நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"சேருங்க மேடம். அந்த முப்பத்தேழை மட்டும் மறந்துடுங்க."

அன்று மாலையே சொல்லாமல் கொள்ளாமல் தம்பி வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தது தம்பிதான், அன்று குளிக்கவில்லை.

"நான் சொன்னது தப்புடா. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

 "அப்ப நிலநடுக்கம் வராதா?"

"வரும். எப்பன்னுதான் தெரியாது. நாளைக்கே வரலாம், நூறு வருஷம் கழிச்சும் வரலாம்."

"இதுக்கு முன்னாடி சொன்னதே தேவலை போலிருக்கே! தேதியாவது இருந்துச்சு."

தம்பி மனைவி சிரித்துக்கொண்டே தண்ணீரை நீட்டினாள். அதை வாங்கும்போதுதான் அவள் கவனித்தாள்: குழந்தையின் அறையில் அலமாரி சுவரோடு சேர்த்து இரும்புப் பட்டையால் திருகப்பட்டிருந்தது. கட்டில் ஜன்னலை விட்டுத் தள்ளிப் போடப்பட்டிருந்தது. தம்பி அவள் பார்வையைப் பின்தொடர்ந்து, "அலமாரிக் கதவு சரியா மூடலை. அதுக்காக அடிச்சது" என்றான். அவள் தலையாட்டினாள்.

குழந்தை கதவோரம் நின்று எட்டிப் பார்த்தது, பக்கத்தில் வரவில்லை. கூப்பிடத் தோன்றியது, ஆனால் கூப்பிடவில்லை. அந்தப் பயத்தை ஊட்டியது அவள். அது தானாகத்தான் தெளியவேண்டும்.

"சாப்பிட்டுப் போ" என்றான் தம்பி. சாப்பிட்டாள். அடுத்து எப்போது வருவாய் என்று அவன் கேட்கவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்த தாள்களை ஒவ்வொன்றாகக் கிழித்தெடுத்தாள். பசையோடு சுண்ணாம்பும் பெயர்ந்து வந்தது. சுவர் திட்டுத் திட்டாக நின்றது. மறு சனிக்கிழமை காப்பகம் திறந்ததும் முதல் ஆளாகப் போய்த் துறைமுகப் பதிவேடுகளைக் கேட்டாள்.

"இன்னும் என்னம்மா தேடுறீங்க?" என்றார் காப்பகக்காரர்.

"ஏழாவது ஒண்ணு இருக்கான்னு பார்க்கலாம்னுதான்" என்றாள்.