மஞ்சள் கண்ணாடிக்காரி

முதலில் ஆரம்பித்தது நான்தான். இதை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன். தாம்பரத்தில் ஒரு பள்ளியில் நானும் அவளும் எல்.கே.ஜி. டீச்சர்கள். ஊரடங்கு வந்து பள்ளியை மூடியதும், பீர்க்கன்கரணை வீட்டு மாடியறையில் பச்சைத் துணி கட்டி, ஃபோனை ஸ்டாண்டில் நிறுத்தி, குழந்தைகளுக்குப் பாட்டும் கதையுமாக யூடியூபில் வீடியோ போட்டேன். அதைப் பார்த்துவிட்டு அவள், "சூப்பரா இருக்குடி, எப்படி எடிட் பண்ணே?" என்று கேட்டாள். நானும் மெனக்கெட்டு ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அடுத்த வருடமே பெரிய மஞ்சள் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு அவளும் ஒரு சேனல் ஆரம்பித்து ஊர் முழுக்கப் பேசப்பட்டாள். சேனல் போய் ஆப் வந்தது. ஆப்புக்குப் பின்னால் படஅட்டைப் பெட்டி விற்பனை, பெருங்குடியில் லிஃப்ட் வைத்த ஆபீஸ், பத்திரிகையில் அரைப் பக்கப் பேட்டி. 'இந்த யோசனை எப்படி வந்தது?' என்று கேட்டிருந்தார்கள். கடவுள் கொடுத்தாராம். கடவுள் கொடுத்தாரா! நான் இன்னும் அதே மாடியறையில், தலைக்கு மேல் பறக்கும் பயிற்சி விமானத்தைத் திட்டிக்கொண்டு ரீடேக் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் தாம்பரம் மார்க்கெட்டில் மீன்காரம்மா என் முகத்தை உற்றுப் பார்த்தார். "இன்னாமா, ஃபோன்ல கொயந்தைங்களுக்குப் பாட்டு பாடுற அம்மா நீதானே?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. "ஆமாங்க்கா, நான்தான்!"

"எம் பேத்தி உன்னப் பாத்துக்கினுதான் சோறே துன்னுது. ஆமா, அந்த மஞ்சா கண்ணாடி இன்னா ஆச்சு? வூட்ல வச்சிட்டியா?" என்று கேட்டு, இன்னும் நாலு சங்கராவை அள்ளிப் பையில் போட்டார். நான் பையை வாங்கிக்கொண்டு நடந்தேன். அவள் பேரில் வந்த மீனைக் குழம்பு வைத்து, கறுவிக்கொண்டே தின்றேன்.

இதெல்லாம்கூடப் போகட்டும். அப்போது என் மகளுக்கு மூன்று வயது ஆகப்போகிற நேரம், ஒரு வார்த்தை பேசவில்லை. வேண்டியதைக் கைகாட்டுவாள், 'ம்ம்' என்பாள், அவ்வளவுதான். காதில் கோளாறு இல்லை, எல்லாம் புரிகிறது, குழந்தையிடம் நிறையப் பேசுங்கள் என்றார் டாக்டர். அடக் கடவுளே, பேசுவதைத் தவிர நான் வேறென்ன செய்கிறேன்! ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் பேச்சு சொல்லிக் கொடுப்பவள் வீட்டில் இப்படியா என்று சொந்தக்காரர்கள் ஜாடையாகச் சிரித்தார்கள். ஒரே ஒரு வார்த்தைக்காக நான் ஏங்கிக் கிடந்தேன்.

அந்த மகளுக்குச் சோறு ஊட்டும்போது என் வீடியோவைப் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மஞ்சள் கண்ணாடி வந்தால்தான் வாய் திறக்கும், இட்லி இறங்கும். வயிறு பற்றிக்கொண்டு எரியும் எனக்கு. அப்படி என்னதான் செய்கிறாள் என்று நானும் பார்த்தேன். ஒரு படத்தைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டுவிட்டு, காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாள். முதலில் பார்த்தபோது நெட் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். என் வீடியோவில் மூச்சு விடும் இடத்தைக்கூட வெட்டி எடுத்துவிடுவேன்; ஒரு நொடி சும்மா விட்டாலும் பிள்ளைகள் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார்கள். "சோம்பேறி, வெட்டக்கூடத் தெரியவில்லை" என்று என் கணவரிடம் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

போன அறுப்பின் பண்டிகைக்கு அவள் ரொம்ப நாள் கழித்து எங்கள் சர்ச்சுக்கு வந்திருந்தாள். கண்ணாடி இல்லை, சாதாரண காட்டன் புடவை. ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல, காணிக்கையாக வந்த காய்கறி, கேக், நாட்டுக்கோழி எல்லாவற்றையும் வெளியே ஷாமியானா போட்டு ஏலம் விட்டார்கள். ஒரு பெரிய பூசணிக்காய்க்கு அவள் கை தூக்கினாள். உடனே நானும் தூக்கினேன். அவள் ஏற்றினாள், நான் அதற்கு மேல் ஏற்றினேன். எங்கள் வீட்டில் பூசணிக்காயை ஒருவரும் தொடமாட்டோம். "உனக்கென்ன பைத்தியமா?" என்று கணவர் கையைப் பிடித்து இழுத்தார். மைக்கில் அங்கிள், "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!" என்று என் பக்கம் கை நீட்டினார். ஜெயித்துவிட்டேன்.

அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். "இவ்ளோ ஆசையாடி உனக்கு? சொல்லியிருந்தா விட்டுக் கொடுத்திருப்பேனே."

பூசணிக்காயை அவள் தலையில் போட்டிருப்பேன், அதற்குள் அவள் என் மகள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். என் கையிலிருந்ததைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டாள். அந்தக் குரலைக் கேட்டதும் மகளின் கண் விரிந்தது. அவ பேசமாட்டா, விடு என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. அவள் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, அசையாமல் இருந்தாள். பின்னால் மைக்கில் கோழி ஏலம் அலறியது. அவள் எழுந்திருக்கவே இல்லை.

"பூசணி" என்றாள் என் மகள்.

என் கணவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பூசணிக்காயைக் கீழே போட்டுவிட்டு மகள் முன்னால் மண்டியிட்டேன். "என் தங்கமே! என் கண்ணு! இன்னொரு தரம் சொல்லும்மா, அம்மாகிட்ட சொல்லு, எங்கே, பூ..."

மகள் வாயை இறுக மூடிக்கொண்டாள். உதட்டில் விரலை வைத்து, அவள் பக்கம் திரும்பினாள்.

"உஷ்... அம்மா பேசறாங்க."

மாடியறையில் நான் ஷூட் பண்ணும்போதெல்லாம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் கணவர் சொல்வது அதுதான். என் மகள் பேசிய முதல் முழு வாக்கியம். அதையும் என்னிடம் சொல்லவில்லை, அந்த மஞ்சள் கண்ணாடிக்காரியிடம்தான் சொன்னாள்.