கை கழுவுங்க, சார்!

நோய் வராமல் தடுக்கிற வேலை இருக்கிறதே, அதை ஒழுங்காகச் செய்தால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காவிட்டால், ‘இந்தம்மா இங்கே என்னதான் செய்யுது?’ என்று கேட்பார்கள்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பதினோரு வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு, சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். நாற்பது கட்டில். பாதிப் பேர் படுத்த படுக்கை. என் பதவிக்குத் தொற்றுத் தடுப்பு நர்ஸ் என்று பெயர். ஒருவர் உடம்பிலிருந்து இன்னொருவர் உடம்புக்குக் கிருமி போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இருமும்போது வாயைப் பொத்தச் சொல்லி, சாப்பிடும் முன் கையைக் கழுவச் சொல்லிச் சொந்த வீட்டிலேயே கெட்ட பெயர் வாங்கியவர்கள் யாராவது இருந்தால், கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். மற்றவர்களுக்கு இது புரியாது.

கண்ணில் படுகிற இடம்

சேர்ந்த அன்று காலையில் இல்லத்தைச் சுற்றி வந்தேன். ரிசப்ஷன் மேஜையில் சானிடைசர் மூன்று பாட்டில் வரிசையாக இருந்தது. பெரியவர்கள் படுத்திருக்கும் ஹாலில் ஒன்றுகூட இல்லை. வாஷ்பேசினில் சோப்பு இருக்க வேண்டிய இடத்தில் சோப்பின் கறை மட்டும் இருந்தது.

மேனேஜர், பாங்கில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். மரியாதையான மனிதர், குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. “ரெண்டு கட்டிலுக்கு ஒரு பாட்டிலாவது வேணும் சார். ஒருத்தரைத் தொட்டுட்டு அடுத்தவரைத் தொடறதுக்கு முன்னால கையைச் சுத்தம் பண்ணணும்” என்றேன். ஜாமீன் இல்லாமல் கடன் கேட்க வந்தவளைப் போல என்னைப் பார்த்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார்: “சிஸ்டர், வர்றவங்க கண்ணுல படுற இடத்துல இருந்தாப் போதாதா?”

பதினாலு பேர்

தேவகி அக்கா காலை ஷிப்டின் ஆயா. படுக்கையில் இருப்பவர்களுக்கு டயப்பர் மாற்றி, துடைத்து, புரட்டிப் படுக்க வைக்கிற வேலை. இரும்புலியூரிலிருந்து நடந்தே வருவார். ஒரே ஜோடி கையுறையை மாட்டிக்கொண்டு முதல் கட்டிலிலிருந்து பதினாலாவது கட்டில்வரை போவதை முதல் வாரமே பார்த்தேன். ஒருவருடைய கழிவு அடுத்தவருடைய உடம்புக்குப் போகிறதே என்று பதறினால், கையுறையைக் கழற்றி இரண்டு உள்ளங்கையையும் காட்டினார். “பாருங்க சிஸ்டர், என் கை சுத்தமாத்தானே கீது?” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. கையுறை யாருக்காக என்று அதுவரை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஷிப்டுக்கு ஒரு ஜோடிதான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

மேனேஜரிடம் மூன்று நாள் மல்லுக்கட்டிப் பெட்டி பெட்டியாகக் கையுறை வாங்க வைத்தேன். ஒரு யுத்தம் ஜெயித்த நினைப்பில் மறுநாள் போய்ப் பார்த்தால், அக்கா பழையபடி ஒரே ஜோடியோடு ஒன்பதாவது கட்டிலில் நிற்கிறார். நான் வாயைத் திறக்கும் முன்பே சொன்னார்: “பதினாலு பேரு சிஸ்டர், டிபன் வர்றதுக்குள்ள முடிக்கணும். நீங்க ஏழு பேரைப் பாத்துக்கினா, நான் ஏழு தபா மாத்துறேன்.”

முப்பது வருஷ அனுபவம்

எஸ்தர் டீச்சருக்கு எண்பத்துமூன்று வயது. தாம்பரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த இல்லத்தில் நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்ட முதல் ஆள் அவர்தான். ஆயாக்கள் கை கழுவுவதைச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி கவனிப்பார். “கட்டை விரலை விட்டுட்டியே, அதை யார் கழுவுவா?” என்பார். திட்டுகிற மாதிரி இருக்கும்; ஆனால் ஒருவருக்கும் கோபம் வராது.

வாரம் இரண்டு நாள் வரும் டாக்டர், அரைமணி நேரத்தில் இருபது பேரைப் பார்ப்பார். ஒருவருடைய புண்ணை அமுக்கிப் பார்த்த கையால் அடுத்தவரின் கண் இமையை விலக்குவார். நான் பாட்டிலை ஏந்திக்கொண்டு பின்னாலேயே போவேன். ஒருநாள் அவருக்கு அலுத்துவிட்டது. “சிஸ்டர், முப்பது வருஷமா டாக்டரா இருக்கேன். என் கையால இதுவரைக்கும் ஒருத்தரும் செத்ததில்ல” என்றார். அடுத்த கட்டில் எஸ்தர் டீச்சருடையது. நாடி பார்க்க டாக்டர் கையை நீட்டியும், தன் கையைக் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டு டீச்சர் சொன்னார்: “செத்தவங்க திரும்பி வந்து கம்ப்ளெயிண்ட் குடுக்க மாட்டாங்க டாக்டர். போய்க் கையைக் கழுவிட்டு வாங்க.”

அரிப்பு

ரங்கராஜன் சார் ரயில்வேயில் இருந்தவர். விரல் இடுக்கிலும் இடுப்பிலும் சொறிந்துகொண்டே இருந்தார். பார்த்ததுமே தெரிந்தது, சொறி சிரங்கு. கண்ணுக்குத் தெரியாத பூச்சி. தோலுக்குள் புகுந்துகொண்டு ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகும். இதற்கு ஒரே வழிதான். இல்லத்தில் இருக்கிற அத்தனை பேரும், வேலை செய்கிறவர்கள் உட்பட, ஒரே நாளில் கழுத்திலிருந்து பாதம்வரை மருந்து பூச வேண்டும். துணி, விரிப்பு எல்லாவற்றையும் வெந்நீரில் துவைக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் பூச வேண்டும். ஒருவரை விட்டாலும் சுற்றிக்கொண்டு வந்துவிடும்.

மேனேஜருக்கு அந்த வார்த்தையே ஆகவில்லை. “சொறின்னு எழுதாதீங்க சிஸ்டர், ஃபேமிலி எல்லாம் பயந்துடுவாங்க. டிரை ஸ்கின்னு போடுங்க” என்றார். தேங்காய் எண்ணெய் வந்தது. எண்ணெய் தடவிய கைகளோடு பூச்சியும் கட்டில் கட்டிலாகப் போனது. ஐந்து வாரம். பெரியவர்கள் தூங்கவில்லை. பேச முடியாத ஒரு அம்மா, சொறிந்து சொறிந்து விரிப்பெல்லாம் ரத்தத் திட்டு. தேவகி அக்கா வீட்டில் பிள்ளைகளுக்கும் வந்துவிட்டது.

ஆறாவது வாரம், திங்கட்கிழமை, மேனேஜர் என்னைக் கூப்பிட்டுச் சட்டைக் கையை மடக்கிக் காட்டினார். மணிக்கட்டில் வரிவரியாகச் சிவப்பு. செவ்வாய்க்கிழமை நாற்பது பேருக்கும், எங்கள் எல்லோருக்கும் மருந்து வந்து இறங்கியது. நான் முதுகில் மருந்து பூசிவிட்டுக்கொண்டிருந்தபோது ரங்கராஜன் சார் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். “மேனேஜருக்கு அரிச்சாத்தான் மருந்து வரும்னு தெரிஞ்சிருந்தா, முதல் நாளே போய்க் கை குலுக்கியிருப்பேனேம்மா!”

பிறந்தநாள் கேக்

எஸ்தர் டீச்சரின் அறையில் பக்கத்துக் கட்டில் கமலா அம்மாளுடையது. மகள் குடும்பம் சிட்லபாக்கம் ஏரிப் பக்கம் இருந்தது. அம்மாவுக்கு எண்பது வயது நிறைகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக கேக்கோடு வந்தார்கள். மருமகன் இருமிக்கொண்டிருந்தார். ஆறு வயதுப் பேத்திக்கு மூக்கு ஒழுகியது, நெற்றி சுட்டது. வாசலிலேயே நிறுத்தினேன். “காய்ச்சல், இருமல் இருக்கற ரெண்டு பேரும் வெளிய இருங்க. அம்மாவை வராண்டாவுக்குக் கூட்டிட்டு வரேன், தள்ளி நின்னு பாருங்க. எல்லாரும் மாஸ்க் போட்டுக்கங்க” என்றேன். மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. “எங்கம்மாவை நாங்க பாக்கறதுக்கு உங்ககிட்ட பர்மிஷன் வாங்கணுமா?” என்றார். மேனேஜர் வந்தார். “ஒரு பர்த்டே தானே சிஸ்டர், விடுங்க” என்றார். விட்டேன்.

அந்தப் பேத்தியே பாட்டிக்காக மெழுகுவத்தியை ஊதி அணைத்தாள். பிறகு எஸ்தர் டீச்சரின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு இரண்டாம் வாய்ப்பாடு ஒப்பித்தாள். டீச்சரைப் பார்க்க ஆள் வருவதே அபூர்வம். அவர் அன்றைக்குச் சிரித்த மாதிரி நான் பார்த்ததில்லை. இறக்கிவிடச் சொல்ல வாய் வரவில்லை எனக்கு. சொல்லியிருக்க வேண்டும். அதை மறக்க முடியவில்லை.

புதன்கிழமை கமலா அம்மாளுக்குக் காய்ச்சல். மறுநாள் டீச்சருக்கு. அந்த வாரத்துக்குள் ஏழு பேர். நோய் வந்தவர்களைத் தனியாக வைக்க ஓர் அறை கேட்டேன். காலியாக ஒன்று இருந்தது. ஆனால் புதிதாகச் சேர விசாரித்து வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக விரிப்புக் கசங்காமல் வைத்திருந்தார்கள். கிடைக்கவில்லை. ஐந்தாம் நாள் டீச்சருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆம்புலன்சில் ஏற்றும்போது என் கையைப் பிடித்தார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவர்போல அவரே விட்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்தார். திரும்பவில்லை.

கமலா அம்மாள் பிழைத்துக்கொண்டார். டீச்சர் போனதற்கு அடுத்த ஞாயிறு வந்த மகள், பக்கத்துக் கட்டில் காலியாக இருப்பதைப் பார்த்து விசாரித்தார். சொன்னேன். காலிக் கட்டிலின் விரிப்பைத் தடவிப் பார்த்தார். பிறகு என் தோளைத் தொட்டுச் சொன்னார்: “நல்லவேளை, எங்கம்மாவுக்கு ஒண்ணும் ஆகல. கடவுள் இருக்கார் சிஸ்டர்.”

ஒரு பையில் அடங்கியவை

டீச்சரின் சாமான்களை வாங்கிப்போக மேடவாக்கத்திலிருந்து அவருடைய தங்கை மகன் வந்தார். ஐம்பது வயதிருக்கும், ஆபீஸ் அடையாள அட்டை கழுத்திலேயே தொங்கியது. பைபிள், கண்ணாடி, நாலு புடவை, பெரிய பழைய ரேடியோ ஒன்று. எல்லாம் ஒரு பையிலும் ஒரு கையிலும் அடங்கிவிட்டன. “எப்படிப் போனாங்க?” என்று கேட்டார். மேனேஜர், “வயசுதான் சார்” என்றார்.

நான் கேட் வரைக்கும் கூடவே போனேன். காய்ச்சலோடு வந்தவர்களை உள்ளே விட்டதையும், தனி அறை கேட்டுக் கிடைக்காததையும், நானும் அன்றைக்குச் சும்மா நின்றதையும் ஒன்று விடாமல் சொன்னேன். கத்துவார், மேனேஜர் சட்டையைப் பிடிப்பார், புகார் எழுதுவார் என்று நினைத்தேன். சாட்சிக்கு வரத் தயாராக இருந்தேன். அவர் ரேடியோவை ஸ்கூட்டரின் முன்பக்கம் வைத்து, விழாமல் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தார். “எண்பத்திமூணு வயசு சிஸ்டர். ஏதோ ஒண்ணுல போகத்தானே வேணும்?”

இரண்டு நோட்டு

இரண்டு மாதம் கழித்துத் தரச் சான்று தருகிறவர்கள் பார்வையிட வருவதாகக் கடிதம் வந்தது. யாருக்கு எப்போது காய்ச்சல், எதனால் வந்தது, என்ன செய்தோம் என்று நான் எழுதி வைத்த நோட்டை மேனேஜர் கேட்டார். படித்துவிட்டுத் திருத்தி எழுதச் சொன்னார். மாட்டேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. புதிய நோட்டு ஒன்று வாங்கி, ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணை விட்டு அழகான கையெழுத்தில் எழுத வைத்தார். அதில் ஏழு காய்ச்சல் இரண்டாகியிருந்தது. டீச்சர் முதுமையால் இறந்திருந்தார்.

வந்த அதிகாரி சோப்பைப் பார்த்தார், சுவரில் ஒட்டிய படங்களைப் பார்த்தார். ரங்கராஜன் சாரிடம் சௌக்கியமா என்று கேட்டார். புதிய நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது என் பழைய நோட்டையும் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதிகாரி என்னுடையதில் நாலைந்து பக்கம் நிதானமாகப் படித்தார், அவருக்குப் புரிந்துதான் இருந்தது. மூடி என் பக்கம் தள்ளினார். “ரெண்டு ரெஜிஸ்டர் இருந்தா கன்ஃபியூஷன் ஆகும் சிஸ்டர். நீட்டா இருக்கறதையே மெயின்டெய்ன் பண்ணுங்க.”

விதி

ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறாய் என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். ராஜினாமா எழுதிப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் போய் வந்தேன். ஒவ்வொரு நாளும் யாருக்காவது புண் கட்டுகிற வேலை வந்துவிடும். கடைசியில் கடிதத்தைக் கொடுக்காமல், அதை மேஜைமேல் வைத்து ஒரு விதிக்குக் கையெழுத்துக் கேட்டேன். காய்ச்சல், இருமல் இருந்தால் பார்க்க வருகிறவர்களானாலும் சரி, வேலை செய்கிறவர்களானாலும் சரி, உள்ளே வரக்கூடாது. மேனேஜர் கையெழுத்துப் போட்டார். லேமினேட் செய்து கேட்டில் மாட்டினோம்.

பதினைந்து நாள்கூட ஆகவில்லை, ஒருநாள் காலையில் எனக்கே தொண்டை எரிந்தது. நூற்றொன்று காய்ச்சல். போன் செய்து வர முடியாது என்றேன். அந்தப் பக்கம் மேனேஜர் டியூட்டி லிஸ்டைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அதே மரியாதையான குரல்: “அந்த ரூல் மத்தவங்களுக்கு சிஸ்டர். நீங்க ஒரு டோலோ மாத்திரை போட்டுட்டு, மாஸ்க்கை மாட்டிட்டு வந்துடுங்களேன், இன்னிக்கு ஆள் ரொம்பக் கம்மி.”

போகவில்லை, போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்தபடி யோசித்துப் பார்த்ததில், இத்தனை பேரில் ஆளுக்கு ஆள் மாற்றாமல், தன் விதிப்படி ஒழுங்காக நடந்துகொள்வது இந்தக் கிருமி ஒன்றுதான் என்று தெரிந்தது.