காசியம்மாள் கேட்கச் சொன்னது

விருத்தாசலம் தொழிற்பேட்டையில் பீங்கான் பியூஸ் கேரியர் செய்யும் பட்டறை ஒன்றில் கொளஞ்சிக்குப் பதினாறு வருஷமாக ஒரே வேலை. அச்சிலிருந்து வந்து காய்ந்த துண்டின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைத் தகட்டால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்துப் பலகையில் அடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சூளை.

முப்பத்தேழு வயதில் அவளுக்குக் கழுத்தின் இடப்பக்கம் நெறி கட்டியது. வலி இல்லை. சாயங்காலமானால் காய்ச்சல், உடம்பெல்லாம் அரிப்பு. முதலில் பார்த்த டாக்டர் காசநோயாக இருக்கும் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஐந்து மாதம் விழுங்கினாள். நெறி எலுமிச்சம்பழ அளவுக்கு வந்துவிட்டது. அதன் பிறகுதான் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் அதை அறுத்து எடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். நிணநீர்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய். ஹாட்ஜ்கின் லிம்போமா என்று பெயர் சொன்னார் டாக்டர் பாரதி.

கணவன் அன்பரசன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதான். கொளஞ்சி, "சரிங்க மேடம். இன்னிக்கே வூட்டுக்குப் போலாமா?" என்று கேட்டாள்.

அழுகை வரும் என்று அவளும் காத்திருந்தாள். பஸ்ஸில் வரவில்லை, வீட்டிலும் வரவில்லை. கால் மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாது இல்லையா, அப்படி இருந்தது. மறுநாள் வேலைக்குப் போய்விட்டாள்.

ஆறு மாதம் மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது. மகள் வெண்பா ஸ்கூலுக்குப் போவதற்கு முன்னால் பாயில் கிடந்த முடியைப் பெருக்கி அள்ளினாள். நெறி கரைந்தது. ஒரு வருஷம் கழித்து, இந்த முறை நெஞ்சுக்குள், திரும்பி வந்தது.

டாக்டர் பாரதி அன்றைக்கு அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். திரையில் அவளுடைய நெறியின் மெல்லிய சீவல், நுண்ணோக்கியில் தெரிகிற மாதிரி பெரிதாக இருந்தது. ஊதாப் புள்ளிகள் ஆயிரக்கணக்கில்.

"இதுல எது மேடம் நோயி?"

டாக்டர் பேனாவால் ஒன்றைத் தொட்டுக் காட்டினார். மற்றதைவிடப் பெரியது, ஆந்தைக் கண் மாதிரி இரண்டு வட்டம். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அவ்வளவுதான்.

"அப்ப மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் உங்க அணுதாங்க. நோய எதிர்க்கணும்னு வந்து சேர்ந்தது. இந்தக் கட்டியில நூத்துக்கு ஒண்ணு ரெண்டுதான் புத்து அணு. ஆனா சுத்தி நிக்கறதுங்கள அது அடக்கி வெச்சுடுது. பக்கத்துலயே இருந்துகிட்டு அதுங்க எதுவும் செய்யாது. செலது புத்துக்கே தொணையா மாறிடுது."

கொளஞ்சி திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பயப்பட வேண்டும் என்று தோன்றியது. பயம் வரவில்லை.

"புது ஊசி போடப் போறோம். இது நேரா புத்தக் கொல்லாது. அடங்கிக் கெடக்கற உங்க அணுவ மறுபடி எழுப்பிவிடும். கொல்லப் போறது அதுங்கதான்."

"சரிங்க மேடம்."

மூன்று வாரத்துக்கு ஒரு முறை புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ஊசி. அங்கேதான் நல்லூர் காத்தவராயனைப் பார்த்தாள். கரும்பு போடுகிறவர், வயது ஐம்பத்தெட்டு. அதே நோய், அதே ஊசி, அதே தேதி. அவரும் மனைவி காசியம்மாளும் விருத்தாசலத்தில் அவள் ஏறும் பஸ்ஸிலேயே ஏறுவார்கள். "வாம்மா, ஒனக்கும் எனக்கும் ஒரே பாட்டிலு" என்பார் காத்தவராயன். காசியம்மாள் மூன்று பேருக்கும் சேர்த்துப் புளிச்சோறு கட்டி வருவாள்.

நாலு ஊசி முடிந்ததும் ஸ்கேன் எடுத்தார்கள். கொளஞ்சியின் கட்டி பாதிக்குப் பாதி குறைந்திருந்தது. காத்தவராயனுக்கு வளர்ந்திருந்தது. மருந்தை மாற்றிப் பார்த்தார்கள். ஆவணியில் செத்துப்போனார்.

செய்தி வந்தபோது கொளஞ்சி பட்டறையில் இருந்தாள். போனை வைத்துவிட்டு மிச்சமிருந்த பலகையை முடித்தாள். கருமாதிக்குப் போகவில்லை. பிழைத்துக்கொண்டிருக்கிற முகத்தை எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை.

கருமாதி முடிந்து பத்து நாள் கழித்துக் காசியம்மாளே போன் செய்தாள்.

"நீ அடுத்த தடவ போகறப்ப டாக்டரம்மாகிட்ட ஒண்ணு கேக்கணும் கொளஞ்சி. ஊசி போட்டிருக்கற நேரத்துல அவரு கருவாட்டுக் கொழம்பு கேட்டாருன்னு வெச்சுக் குடுத்தேன். அதாலதான் மருந்து வேலை செய்யலன்னு பெரியவன் சொல்றான். எனக்குத் தெரிஞ்சாவணும்."

அடுத்த ஊசிக்குப் போனபோது கொளஞ்சி அதைக் கேட்டாள். டாக்டர் பாரதி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அவரு ரிப்போர்ட்ட நான் உங்ககிட்ட சொல்லக் கூடாதுங்க. பொதுவா சொல்றேன். புத்து அணு ஒரே மாதிரி இருந்தாலும் அதச் சுத்தி இருக்கற அணுக்கூட்டம் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு எதிர்க்கற அணுங்க கட்டிக்குள்ள நெறைய வந்து அடங்கிக் கெடக்கும். சிலருக்கு உள்ளயே கொஞ்சந்தான் இருக்கும். எழுப்பிவிட ஆளு இல்லன்னா ஊசி என்னா செய்யும்? கொழம்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அந்தம்மாவ ஒரு நாள் என்கிட்ட வரச் சொல்லுங்க. அவரு ரிப்போர்ட்ட வெச்சு நானே வெளக்கறேன்."

அன்றைக்கே இரண்டாவது ஸ்கேன் முடிவும் வந்தது. நெஞ்சில் கட்டி இருந்த இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் ஊசி போட வேண்டும் என்றார் டாக்டர். தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை நல்லூருக்குத் தனியாகப் போனாள். காசியம்மாள் வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். கொளஞ்சி வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை, உட்காராமலே, ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

"அப்ப நான் காரணம் இல்லியா?"

"இல்லக்கா. டாக்டரம்மா ஒங்கள நேர்ல வரச் சொன்னாங்க. அவரு கட்டியப் பத்தி அவங்களே சொல்லுவாங்களாம்."

"அவரு ஒடம்பு எதிர்க்காம வுட்டுடுச்சா?"

"எதிர்க்கற அணுங்க ஒரு கூட்டம் இருக்குதாம். அது எல்லாருக்கும் ஒரே மாதிரி வந்து சேர்றதில்லியாம். அது யாரு கையிலயும் இல்லக்கா."

காசியம்மாள் அப்படியே மண்ணில் உட்கார்ந்து பெருங்குரலில் அழுதாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கொளஞ்சியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொடலாமா என்று யோசித்து, கடைசியில் காசியம்மாள் தோளில் கையை வைத்தாள். அவள் அழுது முடிக்கிறவரை எடுக்கவில்லை.

"நீ எப்படி இருக்கற?" என்று காசியம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"நல்லா ஆயிட்டேன்னு சொல்றாங்க. எனக்குத்தான் ஒண்ணும் தெரியல. சந்தோஷமும் வரல, அழுகையும் வரல."

"வரப்ப வரட்டும். அதுக்காகப் போட்டுக் கசக்கிக்காத."

மூன்றரை மணி பஸ்ஸுக்குக் காசியம்மாள் ரோடு வரை கூட வந்தாள். போகும்போது ஒரு படி உளுந்தைப் பையில் கட்டிக் கையில் திணித்தாள்.

"அடுத்த ஊசி எப்போ?"

"பதினெட்டாந் தேதிக்கா."

"நானும் வரேன். டாக்டரம்மாவப் பாத்தாப்லயும் இருக்கும், ஒனக்குத் தொணையாவும் இருக்கும்."

பஸ் வந்தது. "போயிட்டு வரேங்கக்கா" என்று ஏறிக்கொண்டாள் கொளஞ்சி.